வீடு விற்பனைக்கு, மாமரம் உட்பட

புரோக்கர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட விளம்பரம் இது:

"மாடம்பாக்கம். சவுத் ஃபேஸிங். லேண்ட் 2400. பில்ட்டப் 1500. மூணு பெட்ரூம். கவர்டு கார் பார்க்கிங். நல்ல தண்ணி. ரேட் பேசிக்கலாம்."

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "சரியாத்தானே போட்டிருக்கார்" என்றாள்.

சரிதான். ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. ஆனால் இதைப் பக்கத்து வீட்டு வாசலில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். அதுவும் ஒரு கிரவுண்ட்தான், சவுத் ஃபேஸிங்தான், மூன்று படுக்கையறைதான். போன கத்திரியில் அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 1,180 யூனிட் ஓடியது. பில்லை அந்த வீட்டுக்காரரே கொண்டுவந்து காட்டிப் புலம்பினார். எங்கள் வீட்டில் அதே இரண்டு மாதம் 410. சோலார் கொடுத்ததைக் கழிக்காமலேயே சொல்கிறேன். ஒட்டி ஒட்டி நிற்கிற இரண்டு வீட்டுக்கும் இருக்கிற ஒரே பெரிய வித்தியாசம் விளம்பரத்தில் இல்லை. அதனால் நானே ஒன்று எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

யூனிட் கணக்கைச் சொல்லி வீடு விற்கிற இந்த ஆள் யார் என்று தோன்றும். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். அந்தப் பதவிப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அம்மா, கரண்ட் கணக்கு எடுக்க வந்திருக்காங்க" என்று பிள்ளைகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும். 29 வருஷம் அதுதான் என் பெயர். மேற்கு மாம்பலம், குரோம்பேட்டை, பல்லாவரம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதே வாசல், அதே நாய், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற அதே வெள்ளை அட்டை. மகள் பிரசவத்துக்கு வந்தது, பையன் வெளியூர் வேலைக்குப் போனது, படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் போய்ச் சேர்ந்தது எல்லாம் அந்த அட்டையில் யூனிட்டாக இருக்கும். நான் எதையும் கேட்க மாட்டேன். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

என்னைப் பல வருஷம் குடைந்தது வேறு ஒன்று. ஒரே அபார்ட்மென்ட், ஒரே அளவு வீடு, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பம். கீழ் வீட்டில் 300 ஓடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் 600 ஓடும். மேல் வீட்டம்மா என்னைப் படியிலேயே மறித்துக்கொள்வார். "மீட்டர் தப்பா ஓடுது தம்பி, மாத்தச் சொல்லுங்க." மீட்டர் சரியாகத்தான் ஓடியது. தளம்தான் தப்பு. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயிலைக் குடித்த காங்கிரீட், ராத்திரி பதினோரு மணிக்கு அதை உள்ளே கக்கும். ஃபேன் போட்டால் அந்த அனலைத்தான் அது கீழே தள்ளும். ஏ.சி. போட்டால் அது தளத்தோடு விடிய விடிய மல்லுக்கட்டும். வீட்டுக்கு யூனிட் ஏறுவது ஏ.சி.யால் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை தளத்தாலும் மேற்குச் சுவராலும்தான்.

இதற்கு நேர்மாறான வீடு ஒன்று மேற்கு மாம்பலத்தில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய தளம். நடுவில் சின்ன முற்றம். மே மாதம் பன்னிரண்டரை மணிக்கு அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் பாதத்திலிருந்து குளுமை ஏறும். பாட்டி ஒருவர் மோர் கொடுப்பார். அந்த வீட்டு மீட்டரில் சக்கரம் நகர்கிறதா நிற்கிறதா என்று குனிந்து உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். பின்னால் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். அதே மனையில் ஆறு மீட்டர். அதற்கும் நான்தான் கணக்கு எடுத்தேன். மாடி வீட்டு மீட்டர்கள் எப்படி ஓடின என்று சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் நாங்கள் வீடு கட்டும்போது என்னிடம் இருந்த ஒரே கட்டடக்கலைப் படிப்பு இதுதான்.

மேஸ்திரி வந்தவாசிப் பக்கத்துக்காரர். நல்ல வேலைக்காரர், ஆனால் பழகிய வேலையைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். கூடத்துக்கும் இரண்டு அறைக்கும் ஃபில்லர் ஸ்லாப் போட வேண்டும் என்றேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறையக் கட்டிக் காட்டிய முறை. தளத்தின் அடிப்பாதியில் இருக்கிற காங்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை. அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிக் கட்டங்களுக்கு நடுவில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து, மேலே காங்கிரீட் போடலாம். காங்கிரீட் மிச்சம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று சூட்டைச் சீக்கிரம் இறங்க விடாது.

"காங்கிரீட்டுக்குள்ள ஓட்டைப் போடச் சொல்றீங்களா சார்?" என்றார் மேஸ்திரி. பக்கத்தில் கலவை கொட்டிக்கொண்டிருந்த சித்தாள் காதில் அது வேறு ஓட்டையாக விழுந்துவிட்டது. ரிடையர் ஆகப் போகிற ஈபிக்காரர் புது வீட்டுத் தளத்தில் ஓட்டை போடுகிறாராம் என்று இரண்டே நாளில் தெரு முழுக்கப் பேச்சு. எதிர் வீட்டுப் பெரியவர் வந்து, "சார், முற்றம் வைக்கணும்னா முறையா வைக்கலாமே" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேஸ்திரி இறங்கி வந்தார். சென்ட்ரிங் பிரிக்கிற அன்று அவர் மட்டும் தளத்துக்கு அடியில் நிற்கவில்லை, வேப்பமரத்தடியில் நின்றார்.

தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், அதன் மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ். மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு எங்கள் மாடியில் நிற்கலாம். இதில் மனைவிக்கு ஒரு தீராத குறை: வடாம் சரியாகக் காய்வதில்லையாம். எல்லோர் வீட்டிலும் ஒரு நாளில் காய்வது எங்கள் மாடியில் ஒன்றரை நாள் ஆகிறதாம். வருஷா வருஷம் பங்குனியில் வடாம் வேட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். அங்கே சுரீர் என்று காய்ந்துவிடும். அந்த 1,180 யூனிட்டில் எங்கள் வடாமும் சேர்த்தி என்று நான் சொல்வதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பதில்லை.

மேற்குப் பக்கம் மனிதர் இருக்கிற அறை ஒன்றுகூட இல்லை. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை எல்லாம் அந்தப் பக்கம். நாலு மணி வெயில் சாமான் அறையில் இருக்கிற பழைய சூட்கேஸ்களைச் சுட்டுக்கொள்ளட்டும். அந்தச் சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. கல்லும் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். சுவருக்கு வெளியே எட்டடி விட்டு ஒரு புங்கமரம் வைத்தேன். இப்போது அது மாடி உயரம்.

சவுத் ஃபேஸிங் என்றதும் புரோக்கர் குரலைத் தாழ்த்துவார், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. "கொஞ்சம் கம்மியாத்தான் போகும் சார்." மனை வாங்கும்போதும் அதே காரணத்துக்காகத்தான் எனக்குக் கம்மியாக வந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் சென்னையில் கோடையில் உயிர் கொடுக்கிற காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வருகிறது. தெற்கிலிருந்து வந்ததால்தானே அதற்குத் தென்றல் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் வாஸ்து பார்க்கவில்லை. கடல் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடலோரப் பட்டினப்பாக்கத்தில் பன்னிரண்டு மணிக்கு வருகிற காற்று எங்களுக்கு இரண்டு மணிக்கு மேல் ஆகும். மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் வராமலே போய்விடும், அதையும் மறைக்கவில்லை. வருகிற நாளில் கூடத்துத் தெற்கு ஜன்னலில் நுழைந்து, சமையலறை வழியாக வடக்கு ஜன்னலில் வெளியேறும். நேருக்கு நேர் ஜன்னல். நடுவில் எதையும் மறைக்காதீர்கள் என்று வாங்குகிறவர் காலில் விழுந்து கேட்டுக்கொள்வேன்.

கிணறு தென்கிழக்கில். அதாவது அக்னி மூலையில் தண்ணீர். வாஸ்துக்காரர்களுக்கு இது போதும். 24 அடி உறைக்கிணறு, அங்கேதான் ஊற்று இருந்தது, நான் என்ன செய்ய? மாடியில் விழுகிற மழை முழுக்கக் குழாய் வழியாக ஒரு தொட்டிக்கு வந்து, கூழாங்கல், கரி, மணல் மூன்றையும் கடந்து அந்தக் கிணற்றில் இறங்குகிறது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரு பி.வி.சி. குழாய் இருக்கும். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்டால் பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் மாடி 1,100 சதுர அடி. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 1,40,000 லிட்டர். பெரிய டேங்கர் லாரியில் பன்னிரண்டு லாரி. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது எங்கள் கிணற்றில் நாலடி இருந்தது. தெருவில் மூன்று குடும்பம் குடத்தோடு வந்தார்கள். கயிறு போட்டு இறைக்கிற ராட்டினத்தை அப்போதுதான் மறுபடி மாட்டினேன். அது இப்போதும் இருக்கிறது.

2015 டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர். அடித்தளத்தை மூன்றரை அடி ஏற்றியிருந்தோம். ஐந்து படியில் மூன்று மூழ்கியது. வீட்டுக்குள் வரவில்லை. மிக்ஜாம் புயலிலும் வரவில்லை, ஆனால் காம்பவுண்டுக்குள் நின்றது, ஸ்கூட்டர் போச்சு.

சோலார் 2021-இல் போட்டது. 335 வாட் தகடு ஒன்பது, மொத்தம் 3 கிலோவாட். தெளிந்த வானத்தில் நாளுக்கு 12 யூனிட் சுமாராக வரும். ஐப்பசி, கார்த்திகையில் பாதிகூட வராத நாள் உண்டு. மாதம் இரண்டு முறை நானே மாடியேறித் துடைக்கிறேன். காக்காய்தான் முதல் எதிரி, வேளச்சேரி ரோட்டுப் புழுதி இரண்டாவது. 2024-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மூன்று வருஷம் பொறுத்திருக்கலாம் என்று மனைவி மாதம் ஒருமுறை சொல்வாள். கடைசியாக வந்த பில்லைக் காட்டுவேன். சொல்வதை நிறுத்த மாட்டாள்.

பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "கரண்ட் போனா சோலார்ல ஓடும்ல?" ஓடாது. லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறி நிற்கிறவர் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கம்பியைத் தொடுகிறார். என் வீட்டு மாடியிலிருந்து கரண்ட் போய் அவரைத் தொடக்கூடாது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிடுகிறது. வந்தவர்கள் மிரண்டு போகிறார்கள். கரண்ட் போகும் நேரத்துக்குத் தனியாகச் சின்ன இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும் இருக்கிறது.

சோலாரைவிட நான் மெச்சுவது ஃபேனை. பழைய ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது வகை ஃபேன் 28 வாட். ஐந்து ஃபேன், நாளுக்கு 15 மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்குப் பழசு 337 யூனிட் தின்னும், புதுசு 126. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் அந்த ஒரு யூனிட், முழுக் கணக்கையும் அடுத்த தட்டுக்குத் தூக்கிவிடும் என்பது பணியில் இருந்தபோது நான் வாய் வலிக்கச் சொன்ன பாடம். ஃபேனை மாற்றினாலே பாதி வீடுகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும். ஏ.சி. ஒன்றே ஒன்று, மாடி அறையில். பேரன் வந்தால் ஓடும்.

இனி பார்க்க வந்தவர்கள்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளம் தம்பதி முதலில் வந்தார்கள். ஓ.எம்.ஆருக்கு எத்தனை நிமிஷம் என்று மேப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஃபில்லர் ஸ்லாபில் ஓடுகள் சிவப்பாக வரிசையாகத் தெரியும். பூசாமல் அழகுக்காகவே விட்டது. "அங்கிள், சீலிங் வேலை இன்னும் பாக்கியா?" என்றாள். பிறகு, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாமா என்று கணவனிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. நல்ல பிள்ளைகள். வடாம் பொரித்துக் கொடுத்தோம், சாப்பிட்டார்கள்.

அடுத்து ஒரு பில்டர். வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று மனையைக் காலடியால் அளந்தார். எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம், நாலு ஃப்ளாட், கீழே ஸ்டில்ட் பார்க்கிங் என்று விரல் விட்டு எண்ணினார். மாமரத்தைத் தட்டிப் பார்த்து, "இந்த இடத்துல ரெண்டு கார் நிக்கும்" என்றார். எல்லோரையும்விட அதிக விலை சொன்னவர் அவர்தான். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆசையாலும்தான்.

மூன்றாவதாக வந்த குடும்பம் வங்கிக் கடன் வரை போனது. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சின்னப் பையன், டேப்பும் ஃபாரமும் வைத்திருந்தான். கட்டடத்துக்கு வயது 12, அதற்கேற்பத் தேய்மானம் கழிக்க வேண்டும் என்றான். சரி, சோலாருக்கு? "அது மூவபிள் சார்." கிணறு? "எல்லா வீட்லயும் போர் இருக்கே சார்." வெள்ளை அட்டையையும் பழைய பில்களையும் ஃபைலோடு எடுத்துக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிப் புரட்டினான். "இதுக்கு ஃபாரம்ல காலம் இல்ல சார்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் 29 வருஷம் ஃபாரத்தில் இருந்த கட்டத்தை மட்டும் நிரப்பியவன்தான். மாடி வீட்டம்மாவின் தளத்தைப் பற்றி எழுத எனக்கும் கட்டம் இல்லை. அந்தக் குடும்பம் கடைசியில் அக்னி மூலைக் கிணற்றால் விலகிக்கொண்டது.

புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். "முன்னாடி மரத்தைக் கழிச்சுடுங்க சார், வீடு நல்லா எடுப்பாத் தெரியும்." பங்கனபள்ளி ஒட்டுமரம் அது. வர்தா அடித்த 2016 டிசம்பரில் முருங்கை முறிந்தது, வேம்பு வேரோடு சாய்ந்தது. மாமரம் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு நின்றது. அதைப் புரோக்கருக்காக வெட்டவா?

தோட்டம் பற்றி இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். துணி துவைத்த தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போவது, பந்தலில் மல்லி, அதிகாலையில் பவழமல்லி உதிர்வது, எலுமிச்சையில் கூடு கட்டிய தையல்சிட்டு, செம்போத்து. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"நீங்க பவழமல்லி உதிர்றதை எழுதறீங்க. கூட்டறது யாரு?"

பதில் இல்லை. பன்னிரண்டு வருஷமாகக் கூட்டியது அவள்தான். புங்கமரம் மாசி, பங்குனியில் கொட்டுகிற இலை நாளுக்கு இரண்டு சாக்கு. மாம்பூ கொட்டுகிற காலத்தில் வாசல் பிசுபிசு என்று ஒட்டும். கொசு. மழைக்காலத்தில் நத்தை. ஒருமுறை சாரைப்பாம்பு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் படுத்திருந்தது. இரண்டு முழங்காலும் அவளுக்குத் தேய்ந்துவிட்டன. நங்கநல்லூரில் அவள் தங்கை இருக்கிற அபார்ட்மென்டில், லிஃப்ட் உள்ள வீடு, ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போகிற தூரம், அதைத்தான் அவள் கேட்கிறாள். நாங்கள் விற்பதற்குக் காரணம் அதுதான். கடன் இல்லை, சண்டை இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். வாங்குகிறவர்கள் தோட்டத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எலிப்பொறிக் கட்டில் பின்னால் ஒரு எலெக்ட்ரீஷியன் பைப்புக்காகத் தோண்டியபோது பொந்து திறந்துகொண்டது. அதற்குள் எறும்பு குடியேறிவிட்டது, வருஷம் ஒருமுறை மருந்து வைக்க வேண்டும். ஃபில்லர் ஸ்லாபில் கண்ட இடத்தில் ட்ரில் போட்டு ஊஞ்சல் மாட்ட முடியாது. கொக்கி எங்கே எங்கே இருக்கிறது என்று வரைபடம் வைத்திருக்கிறேன். வெள்ளை டைல்ஸ் மழைக்காலம் முடிந்ததும் பாசி படர்ந்து கறுத்துவிடும். தேய்த்துக் கழுவாவிட்டால் அது வெறும் டைல்ஸ்தான். எதிர் வீட்டு மாடிக்கு மதியத்தில் கண் கூசுகிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். விமானப்படைத் தளம் பக்கம் என்பதால் காலையில் பயிற்சி விமானச் சத்தம் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது.

பத்திர விஷயம் நேரானது. சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு மனை, பட்டா என் பெயரில், மூலப் பத்திரம் கையில், 30 வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுவரி 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சிக்கு, பாக்கி இல்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது உங்கள் செலவு. ஊறுகாய் ஜாடி இரண்டையும் தர மாட்டோம், மாமரத்தைத் தருகிறோம்.

கடைசியாக, வீட்டைப் பார்க்க வருகிற நேரம். புரோக்கர் எல்லோரையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அழைத்து வருகிறார். ஆறு மணிக்கு எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். கத்திரி தொடங்கி ஆறு நாள் ஆகிறது. மதியம் இரண்டரை மணிக்கு வந்து, முதலில் தெருவில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் பிறகு உள்ளே வாருங்கள் என்று எழுதினேன். இதையும் படித்துக் காட்டத்தான் அறைக்குப் போனேன்.

"ரெண்டரைக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அந்த நேரத்துல யாரையும் உள்ள விடாதீங்க. நான் தூங்கற நேரம்."

மணி இரண்டு நாற்பது. ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே நாலு மணிக்கு வாருங்கள்.